பெட்டி மூடியில் மூன்று கோடு

என் நண்பனின் படிகம் வளர்ந்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. இதை மென்மையாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியாது. திரையில் ஒரு கறுப்புப் புள்ளி பெரிதானது, அதற்கு ஓரங்கள் முளைத்தன, கடைசியில் சாய்ந்த சதுரமாக வந்து நின்றது. அவன் பின்னால் நின்று என் இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்கினான். "மாப்ள, மாப்ள, மாப்ள" என்பதைத் தவிர அவன் வாயிலிருந்து வேறொன்றும் வரவில்லை. "கைய எடுடா, மிஷின் ஆடுது" என்றேன். மிஷின் ஆடவில்லை. ஒருத்தன் தோளை உலுக்கினால் ஆடுகிற மிஷின் இல்லை அது.

அந்த மிஷினை நான் எட்டு வருடமாக ஓட்டுகிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கி. மதுரைக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தின் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் ஒரு தூண். யார் யாரோ தூள் கொண்டுவருவார்கள், உலோகத் தகடு கொண்டுவருவார்கள், எலி ஈரல் கொண்டுவருவார்கள். நான் உள்ளே வைத்துப் படம் எடுத்துக் கொடுப்பேன். அவர்கள் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கட்டுரையின் கடைசியில் படம் எடுக்க உதவியவருக்கு நன்றி என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். சிலதில் அதுவும் இருக்காது.

அவனும் நானும் எம்.எஸ்ஸி.யில் ஒரே பெஞ்சு. அவன் சோழவந்தானுக்குப் பக்கத்துக் கிராமம். அவன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போனவர்கள். நான் டவுனுக்குள், பள்ளிவாசல் தெருக்காரன். என் அத்தாவுக்கு நட்டு போல்ட் கடை. வகுப்பில் நான்தான் முதல். அவன் நாலாவதோ ஐந்தாவதோ. இருவரும் ஒரே புரொபசரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். இரண்டாம் வருடம் என் அளவீடு தப்பு என்று புரொபசர் எல்லார் முன்னாலும் சொன்னார். தப்பே இல்லை என்று ஃபைலைத் தூக்கி அவர் மேஜையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். தப்புதான் என்று பத்து நாளில் எனக்கே தெரிந்தது. திரும்பிப் போய் அதைச் சொல்ல வாய் வரவில்லை. நுண்ணோக்கிக்கு ஆள் எடுத்தார்கள். சேர்ந்துவிட்டேன்.

அவன் நடுவில் வீட்டுக்காக ஒரு தனியார் கல்லூரியில் சில வருடம் பாடம் நடத்தினான். பிறகு அதே புரொபசரிடம் திரும்பி வந்தான். அவர் திட்டினால் "சரிங்க சார்" என்பான். மறுநாள் அதே வேலையை இன்னொரு விதமாகச் செய்துகொண்டு வருவான். எனக்குத் தெரியாத ஒரே வித்தை அதுதான். அதை நான் வித்தை என்று அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. முதுகெலும்பு இல்லாதவன் என்று மனதுக்குள் வைத்திருந்தேன்.

அவன் எடுத்துக்கொண்ட கேள்வி நம் ஊர்க் கேள்விதான். மதுரையைச் சுற்றி போர்வெல் தண்ணீர் எல்லாம் உப்பு. பாத்திரத்தில், குழாயில், ஹீட்டரில் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவு எப்படித் தொடங்குகிறது? தெளிந்த தண்ணீரில் முதல் படிகம் எங்கிருந்து வருகிறது? அதை நடக்கும்போதே பார்க்க வேண்டும் என்றான்.

சொல்வது சுலபம். எங்கள் மிஷினுக்குள் வெற்றிடம். தண்ணீரை அப்படியே வைத்தால் அந்த நொடியே ஆவியாகி மிஷினையும் கெடுத்துவிடும். அதனால் இரண்டு சிப்புகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தில் பாதி. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீள ஜன்னல், சோப்புக் குமிழியின் தோல் மாதிரி மெல்லியது. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து, இடையில் தண்ணீரைச் சிறைப்பிடித்து, ஒரு நீளக் கம்பியின் நுனியில் பொருத்தி உள்ளே நுழைக்க வேண்டும். ஓரத்தில் தண்ணீர் கசியாமல் இருக்க ரப்பர் வளையங்கள் உண்டு. ஜன்னல் கிழிந்தாலோ வளையம் கசிந்தாலோ மிஷின் வாரக்கணக்கில் படுத்துவிடும். பதில் சொல்ல வேண்டியவன் நான்.

வெளிநாட்டிலிருந்து வந்த வளையங்கள் தீர்ந்தபோது, புதிது வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். கப்பலூரில் என் அத்தாவின் கடைக்குச் சரக்கு கொடுக்கும் ஒரு ரப்பர் கம்பெனி உண்டு. பம்புசெட்டுக்கு வாஷர் செய்கிறவர்கள். பழைய வளையம் ஒன்றை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த மேஸ்திரி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ஏண்ணே, இது எறும்புக்குக் கொலுசா?"

"செய்ய முடியுமா முடியாதா?"

"கோவிக்காதீக. அச்சு கடஞ்சிரலாம். எம்புட்டு வேணும்?"

"இருவது."

"இருவதா? இருவதுக்கு ரப்பரு என் நகத்துல இருக்கு."

செய்து கொடுத்தார். நான்கு முறை அலைந்தேன். வெற்றிடத்தில் வைத்துச் சோதித்தபோது வெளிநாட்டு வளையத்தைவிட நன்றாகப் பிடித்தது. அவன் புரொபசரிடம் போய், "சார், லோக்கல்லயே வளையம் ரெடி பண்ணிட்டோம்" என்றான். பண்ணிட்டோம். அந்த ஒரு சொல்லை நான் ஆறு மாதம் மென்றுகொண்டிருந்தேன்.

அந்த ஆறு மாதமும் அவனுக்கு ஒன்றும் வளரவில்லை. சுண்ணாம்பு கலந்த ஒரு கரைசல், சோடா கலந்த ஒரு கரைசல், இரண்டையும் உள்ளே செலுத்துவோம். வெளியே ஒரு குப்பியில் கலந்தால் பால் மாதிரி வெளுத்துவிடும். உள்ளே திரையில் வெறும் பனி. எப்போதாவது ஒரு புள்ளி தோன்றும், கற்றை பட்டதும் கரைந்துபோகும். எலக்ட்ரான் கற்றை சும்மா பார்க்கிற வெளிச்சம் இல்லை. அது தண்ணீரை உடைக்கும், புளிப்பாக்கும். புளித்த தண்ணீரில் சுண்ணாம்பு நிற்காது. சில பொருள்களில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கற்றை படுவதாலேயே ஏதாவது வளரும், பார்ப்பவன் தானாக வளர்ந்தது என்று நம்பிக்கொள்வான். அதனால் புரொபசர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஜன்னலின் ஒரு முனையை மட்டும்தான் பார்க்க வேண்டும். மறு முனையில் கற்றை படவே கூடாது. முடிந்தபின் சிப்பைப் பிரித்துக் காயவைத்து, படாத முனையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கேயும் அதே படிகம் இருந்தால் அது தண்ணீரின் வேலை. இல்லாவிட்டால் நம் வேலை.

ஒவ்வொரு முறையும் அந்த முனை காலியாக இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. "என்ன மாப்ள, இன்னைக்கும் மொட்டையா?" என்று கேட்பேன். "மொட்டதான், நாளைக்கு மொளைக்கும்" என்பான். அவனுக்கு உறைக்காது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் வருடா வருடம் நடப்பதுதான். லேத்து முதல் ஜெராக்ஸ் மிஷின் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், திருநீறு. பொரி, சுண்டல். நுண்ணோக்கிக்கு மட்டும் தூணில் வைக்காமல் அறைக்கு வெளியே ஒரு மேஜை போட்டு, துணைக் கருவிகளை அதில் வைத்துப் பூஜை செய்வார்கள். நானும் நிற்பேன், சுண்டல் வாங்கிச் சாப்பிடுவேன். யாரும் என்னை வித்தியாசமாகப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

அந்த வருடம் அவனுக்குப் புதுச் சிப்புப் பெட்டி வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதையும் மேஜையில் கொண்டுவந்து வைத்தான். தட்டிலிருந்து திருநீற்றை அள்ளி, மூன்று விரலால் மூடிமேல் மூன்று கோடு இழுத்தான். ஊதினால் பறக்கிற அளவுக்குத் தாராளமாக. பக்கத்திலிருந்த மாணவி ஒருத்தி, "சிப்பு எப்படிண்ணே இருக்கும்?" என்று கேட்டாள். அதே கையால் மூடியைத் திறந்து காட்டினான். மூடினான்.

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

நான் யார் தெரியுமா? கழுத்தில் பவுடர் போட்டு வந்தான் என்பதற்காக ஒரு மாணவனை வாசலோடு திருப்பி அனுப்பியவன். தலை துவட்டிய துண்டோடு வந்த புரொபசர் ஒருவரை, "அந்தப் பக்கம் நில்லுங்க சார்" என்றவன். ஒரு தூசி உள்ளே போனால் கத்துகிறவன். அன்றைக்கு வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில், நான் போய் அதில் திருநீறு வைக்காதே என்றால் நன்றாகவா இருக்கும்? சொன்னவன் இவன் என்று ஆகிவிடாதா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

விடுமுறை முடிந்த மூன்றாம் நாள், காலை பதினொரு மணிக்கு, படிகம் வளர்ந்தது. கற்றை பட்டும் கரையாமல் வளர்ந்தது. நாற்பது விநாடி. முதலில் பார்த்தவன் நான்தான். அவன் அப்போது குனிந்து பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மூன்று விநாடிகள் அது என்னுடையதாக இருந்தது. பிறகு அவன் நிமிர்ந்தான்.

மதியம் சிப்பைப் பிரித்துப் படாத முனையைப் பார்த்தோம். அங்கேயும் படிகங்கள். சின்னதும் பெரியதுமாக, கல் உப்பு சிதறின மாதிரி. அடுத்த வாரம் இன்னும் இரண்டு முறை செய்தான். இரண்டு முறையும் வளர்ந்தது.

"பூச போட்டதும் மொளச்சிருச்சு பாத்தியா" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

"ஆமா, உங்க சாமி சுண்ணாம்பு டிபார்ட்மெண்ட்" என்றேன். நானும் விளையாட்டாகத்தான் சொன்னேன். அப்போது எனக்கும் தெரியாது.

புரொபசர் அந்தப் படத்தின் ஒரு துண்டை ஜப்பானில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து, முழுக் கட்டுரையையும் சோதனைப் பதிவுகளையும் இந்த மாதத்துக்குள் அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு வருட வேலைக்கு இவரைப் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அதன்பின் கட்டிடம் முழுக்க அவன்தான். கேன்டீனில் டீ போடுகிறவர் அவனிடம் ஜப்பானில் டீ எப்படி இருக்கும் என்று கேட்கிறார். அவன் இன்னும் போகவே இல்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே. ஊரிலிருந்து வரும்போது அவன் என் அம்மாவுக்கு ஒரு கவுளி வெற்றிலை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவான். கொழுந்து வெற்றிலை. அம்மா அதைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, "ஜப்பானுக்காமே" என்றாள்.

"ம்."

"நீயும் அந்தப் படிப்புத்தானப்பா படிச்ச?"

"ம்."

"அந்தப் படத்த நீதான் எடுத்தியாம். அந்தப் புள்ளையே சொல்லுச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு அதுக்கு. நீ இல்லாட்டி நடந்திருக்காதுன்னு சொல்லுச்சு."

"அப்ப என்னைய அனுப்பச் சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தாள். "அது நசீபுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டாள். நசீபும் இல்லை, தலையெழுத்தும் இல்லை. ஒரு ஃபைலைத் தூக்கிப் போட்டது. அம்மாவுக்கு அது தெரியாது.

கட்டுரைக்காக ஒரு வேலை பாக்கி இருந்தது. படிகத்தில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று புள்ளி புள்ளியாக அளக்க வேண்டும். "மாப்ள, நீயே பாத்துக் குடுத்துரு, நான் எழுதுற வேலையப் பாக்குறேன்" என்று சிப்புகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். தனியாக உட்கார்ந்து அளந்தேன். சுண்ணாம்பு, எதிர்பார்த்தது. சிலிக்கன், அது சிப்பிலிருந்து வருவது. ஆனால் ஒவ்வொரு படிகத்தின் நடுவிலும், அடியில், கொஞ்சம் மெக்னீசியம். கொஞ்சம் பாஸ்பரஸ். எங்கள் கரைசலில் இரண்டும் கிடையாது. ஒன்றில் இருந்தால் அழுக்கு என்று விடலாம். பதினேழு படிகம் பார்த்தேன், பதினேழிலும் இருந்தது. ஒரு சின்ன மணி, அதைச் சுற்றி வளர்ந்த படிகம்.

கையில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தேன். மூடிமேல் மூன்று கோடும் அப்படியே இருந்தன, ஓரம் மட்டும் உதிர்ந்து. சாணிச் சாம்பலில் மெக்னீசியமும் பாஸ்பரசும் இருக்கும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அது உள்ளே கொட்டியிருக்கிறது. கொஞ்சத்தைச் சுரண்டி மிஷினில் வைத்துப் பார்த்தேன். அதேதான்.

தெளிந்த தண்ணீரில் படிகம் தானாகத் தொடங்கவில்லை. சாம்பல் மணியைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்கியது. உட்கார இடம் கிடைத்ததால்தான் கற்றையையும் மீறி நின்றது. அவன் கட்டுரையின் முதல் வரியே பொய்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதுவதற்கு அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அன்று மதியம் சோறு நன்றாக இறங்கியது.

பதினொரு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் போக முடியாது. சொல்லாவிட்டால் அவன் அனுப்புவான். ஜப்பான்காரன் முட்டாள் இல்லை, அவனும் அளப்பான், கண்டுபிடிப்பான். அப்போது வேலை மட்டும் போகாது, பெயரும் போகும். இரண்டில் எது பெரிய வீழ்ச்சி என்று நான் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். என் நண்பனுக்கு. அவன் வந்து அளந்த விவரம் கேட்டபோது, "டிடெக்டர் மக்கர் பண்ணுது, ரெண்டு நாள் பொறு" என்றேன். அவன் நம்பினான். என்னை நம்புவதில் அவனுக்கு எந்தக் கஷ்டமும் இருந்ததில்லை.

திங்கட்கிழமை அனுப்புவதாக இருந்தது. சனிக்கிழமை மதியம் சாப்பிட வரச்சொல்லி கோச்சடையில் இருக்கும் அவன் வாடகை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். அவன் மனைவி கட்டிலில் ஒரு ஸ்வெட்டரை விரித்து வைத்திருந்தாள். பச்சை நிறம், கழுத்து வரை மூடுகிறது.

"அண்ணே, மதுரைல ஸ்வெட்டருக்கு நான் அலஞ்ச அலைச்சல் இருக்கே. கடக்காரரு கேக்குறாரு, எந்த மலைக்கும்மா போறீகன்னு."

"போட்டுக் காட்டச் சொல்லும்மா."

"போட்டாரு. வேர்த்து ஒழுகிருச்சு. கொடைக்கானலு போன மாதிரி ஒரு போட்டா எடுத்துக்கிட்டோம்."

அவன் கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினான். பச்சை ஸ்வெட்டர், கீழே லுங்கி, நெற்றியெல்லாம் வியர்வை. அவன் மனைவி சோறு எடுக்க உள்ளே போனாள். நான் சொல்லிவிட்டேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. அந்த லுங்கியைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது.

"மாப்ள, அது துன்னூறுடா."

"எது?"

"உன் படிகத்துக்கு நடுவுல இருக்கது. நீ மூடில போட்ட துன்னூறு. பாஸ்பரஸ், மெக்னீசியம், எல்லாம் இருக்கு. பதினேழுலயும் இருக்கு. மூடியச் சொரண்டியும் பாத்துட்டேன்."

அவன் கைபேசியைக் கட்டிலில் வைத்தான். அவனுக்கு விளக்கத் தேவையில்லை. முகம் ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்தேன். பூஜை, பெட்டி, மூன்றாம் நாள், படாத முனை. எல்லாவற்றையும் அவனே கோத்துக்கொண்டான்.

"டிடெக்டர் மக்கர்னு சொன்னியே."

"பொய்."

"எத்தன நாளாத் தெரியும்?"

"பதினொரு நாள்."

அவன் மெதுவாகக் கேட்டான். "அன்னைக்கு நான் மூடியத் தொறக்கும்போது நீ அங்கனதான நின்ன. ஏன்டா சொல்லல?"

"எல்லாரும் கும்பிட்டுக்கிட்டிருக்கீக. நான் போயி வைக்காதன்னா என்ன நெனைப்பீக?"

"என்ன நெனைப்போம்? பவுடர் போட்டுக்கிட்டு வந்தான்னு ஒருத்தன வெரட்டுன. எங்க அப்பா ஒருதடவ மிஷினப் பாக்க வந்தப்ப, வெத்தலையத் துப்பிட்டு வாங்கன்னு அவரையே வெளிய அனுப்புன. எனக்கு ஒரு நாளும் நீ மரியாத குடுத்ததில்ல. அன்னைக்கு மட்டும் எங்கேருந்துடா வந்துச்சு மரியாத?"

அன்று மேஜை ஓரத்தில் நின்றபோது மரியாதை எனக்குள் இருந்தது உண்மை. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது: கெட்டுப்போகட்டும். இவ்வளவுதான். படிகத்துக்கு நடுவில் சாம்பல் இருந்த மாதிரி. மரியாதையை அதன்மேல் நான் வளர்த்துக்கொண்டேன்.

"எனக்கு உம் மேல வயித்தெரிச்சல்டா" என்றேன்.

"அது தெரியும்" என்றான்.

"தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். அதுக்காக இத நீ மறைப்பன்னு எனக்குத் தெரியாது."

அவன் மனைவி சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பரிமாறினாள். நான் சாப்பிட்டேன். எழுந்து போவது அதைவிடக் கேவலமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அவன் கட்டுரையை அனுப்பவில்லை. நடந்ததை எழுதி, படத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று அனுப்பினான். என் பெயரை அதில் எழுதவில்லை. மறைத்ததையும் எழுதவில்லை, அளந்து கண்டுபிடித்தவன் என்றும் எழுதவில்லை. அதில் எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன உரிமை என்பது வேறு கதை. மூன்று வாரம் கழித்து, அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டோம் என்று பதில் வந்தது. புரொபசர் அவனைத் திட்டினார். "சரிங்க சார்" என்றான்.

இரண்டு மாதம் அவன் என்னிடம் வேலைப் பேச்சு மட்டும் பேசினான். மாப்ள என்று கூப்பிடவில்லை. "அந்த ஸ்லாட்டு காலியா?" என்று கேட்பான். ஸ்வெட்டர் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தான். அவன் ஊரில் ஒரு பழைய போர் குழாயை வெட்டி எடுத்தபோது, உள்ளிருந்து சுரண்டிய துருவாம்.

"சுத்தமான தண்ணில தானா வருதான்னு தப்பாக் கேட்டுட்டோம்" என்றான். "எந்த ஊர்லடா தண்ணி சுத்தமா இருக்கு? குழாய்க்குள்ள துருவு, மண்ணு, சாம்பல். அதப் புடிச்சுத்தான் அது தொடங்குது. அதத்தான் பாக்கணும்."

நான் அவனைப் பார்த்தேன். ஜப்பான் போனது, ஆறு மாத உழைப்பு போனது, புரொபசர் கிழித்துத் தொங்கவிட்டார். இவன் துருப் பொட்டலத்தோடு வந்து நிற்கிறான். அவனுடைய ஜப்பான் மேல் இருந்ததைவிட இதன் மேல்தான் எனக்குப் பொறாமை அதிகமாக வந்தது. ஜப்பான் கிடைக்காமல் போகலாம். இது அவனிடமிருந்து போகாது. எனக்கு வரவும் செய்யாது.

முதலில் கழுவிய சிப்பு, புதுப் பெட்டி. ஒன்றும் வளரவில்லை. பிறகு துரு. நான் ஒவ்வொரு சிப்பையும் முன்கூட்டியே வெறும் கண்ணாலும், கண்ணாடி நுண்ணோக்கியிலும் பார்த்து, துரு மணிகள் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று வரைந்து வைத்தேன். அவன் கேட்காமலே செய்தேன். அதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். செய்யாமல் இருந்தால் எனக்கு உட்கார முடியவில்லை. ஐந்தாவது முறை, ஒரு துரு மணியின் விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு வந்தது, தடித்தது, முனை கூர்மையானது. படாத முனையிலும் மணி இருந்த இடத்தில் மட்டும் படிகம், மணி இல்லாத இடம் மொட்டை. அவன் இந்த முறை என் தோளைத் தொடவில்லை. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தான்.

கட்டுரை சின்ன இதழ் ஒன்றில் வந்தது. இரண்டாவது பெயர் என்னுடையது. அச்சில் பார்த்தபோது என் கண் முதலில் முதல் பெயருக்குத்தான் போனது.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள், நான் ஒரு அறிவிப்பு அடித்து அறைக் கதவில் ஒட்டினேன். கை கழுவாமல் உள்ளே வரக் கூடாது, யாராக இருந்தாலும் என்று. காலையில் அவன் தட்டோடு வந்து வாசலில் நின்றான்.

"எங்க வைக்கட்டும்?"

"கதவுல வை. உள்ள கால வச்ச, கால ஒடிச்சிருவேன்."

"இத போன வருசம் சொல்லிருந்தா நான் இந்நேரம் ஜப்பான்ல இருந்திருப்பேன்."

"போன வருசம் சொல்லிருந்தா உனக்கு இம்மியும் மொளச்சிருக்காது. இங்கனதான் இருந்திருப்ப."

யோசித்தான். "ஆமால்ல" என்றான். கதவில் மூன்று கோடு இழுத்தான். அறிவிப்பை ஒருமுறை படித்தான். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, யாராக இருந்தாலும் என்பதற்குக் கீழே, சாமியாக இருந்தாலும் என்று எழுதிவிட்டு, பேனாவைத் திரும்பச் சொருகினான்.

"வா மாப்ள, சுண்டல் ஆறுது" என்றான்.

பேனா முழுக்க சாம்பல். துடைத்துவிட்டுப் போனேன்.